மதியம் ஒன்று முதல் இரண்டு வரை

பிப்ரவரி 5, ஞாயிறு

இன்று நேரடி வகுப்பு. நூலகத்துக்கு வந்தவர்கள் யாருமில்லை. வருகைப் பதிவேட்டில் தேதி போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். வருடக்கணக்காக இழுத்துப் பழகியதால் அளவுகோல் இல்லாமலே நேராக வருகிறது.

தொலைநிலைக் கல்வியில் சேர்கிறவர்களுக்குப் புத்தகம் தேவையில்லை என்பது என் முடிவு. அவர்களுக்கு வேண்டியது சான்றிதழ். கீழே வகுப்பறையில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் மாடி ஏறி வரத் தோன்றவில்லை. பொதுநிதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவன் மேலே தூசி தட்டிக்கொண்டிருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவன் சண்முகவடிவேல். இந்த மையத்தின் ஒருங்கிணைப்பாளர். நானும் அவனும் ஒரே வகுப்பில் எம்.ஏ. படித்தோம். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். விரிவுரையாளர் வேலை அவனுக்குக் கிடைத்தது. இதற்கு மேல் எழுதினால் வயிறு எரியும்.

மதியம் சாப்பிடும்போது வழக்கம்போல் யாரோ கதவைத் தட்டினார்கள். ஒன்று முதல் இரண்டு வரை உணவு இடைவேளை என்று கதவிலேயே பலகை தொங்குகிறது. அதைப் படிக்கக்கூட மனமில்லாதவர்கள் உள்ளே வந்து என்ன படிக்கப்போகிறார்கள்? தாழ்ப்பாள் போட்டிருந்தேன். தட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

வரும் வழியில் எலுமிச்சம்பழம் வாங்கினேன். என் மனைவி சுகந்தி வாங்கிவரச் சொன்னது புளி.

பிப்ரவரி 8, புதன்

பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை. வாசகர் வராத மைய நூலகங்களை ஏப்ரல் நடுவில் மூடிவிடப் போகிறார்கள். புத்தகங்கள் தலைமை வளாகத்துக்குப் போகும். நூலகரும் அங்கேயே மாற்றப்படுவார். அதற்கு முன், மாணவர்களின் தகவல் தேவை என்ன, நூலகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் அறிக்கையை மார்ச் முடிவதற்குள் நூலகரே எழுதி அனுப்ப வேண்டும்.

மூன்று முறை படித்தேன். தலைமை வளாகத்து நூலகம் நான்கு மாடி. அங்கே ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள், பேராசிரியர்கள் வருவார்கள். என் தகுதிக்கு நான் இருக்க வேண்டிய இடம் அதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே கிடந்து மக்கிப்போவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அறிக்கை எழுத ஒரு நாள்கூட ஆகாது. பதிவேட்டில் இருக்கிற கோடுகளே சாட்சி.

பிப்ரவரி 12, ஞாயிறு

வந்தவர்கள் இல்லை. கோடு. தாழ்ப்பாள் கழன்று கையோடு வந்துவிட்டது. ஆசாரியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஆசாரி வரவில்லை. அதனால் இன்று ஒரு தொந்தரவு.

ஒரு மணிக்கு மேல், தயிர்சாதத்தில் கை வைத்திருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். நாற்பது தாண்டியிருக்கும். கழுத்தில் மாணவர் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யோ, சாப்டுட்டு இருக்கறீங்களா. சாப்டுங்க சார், சாப்டுங்க. நான் நிக்கறனுங்க."

ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க எப்படிச் சாப்பிடுவது? என்ன வேண்டும் என்று கேட்டேன். பி.ஏ. பொருளாதாரம், பொதுநிதியியல், மூன்றாம் தொகுதி என்றாள். அனுப்பிய பார்சலில் யாருக்கும் அது வரவில்லையாம். பழைய பாடத்திட்டம் என்பதால் இனி அச்சடிக்க மாட்டார்களாம்.

நூலகம் இப்போது மூடியிருக்கிறது என்றேன்.

"எப்பங்க சார் தொறப்பீங்க?"

"ரெண்டு மணிக்கு."

"ரெண்டு மணிக்கு எங்களுக்கு கிளாஸுங்க."

"அஞ்சு வரைக்கும் திறந்திருக்கும்."

"கிளாஸும் அஞ்சு வரைக்குங்க."

"அப்போ காலையில வந்திருக்கலாமே. பத்து மணிக்கே திறக்கறோம்."

"பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் கிளாஸுங்க சார்."

நான் இன்னொரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டேன்.

"கிளாஸு இல்லாத நாள்ல வரலாம்னா கம்பெனிக்குப் போகோணும்" என்று அவளே சொன்னாள். "இந்த ஒரு மணி நேரந்தானுங்க நமக்கு இருக்கறது. வாரா வாரம் வந்து தட்டிப் பார்ப்பனுங்க. உள்ள யாரும் இல்லீன்னு நெனச்சுக்குவேன்."

கையைக் கழுவிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் தொகுதி ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. வெளியே கொடுப்பதற்கில்லை. ஜன்னல் ஓரத்து மேசையில் உட்கார்ந்து படித்தாள். விரலை வரி வரியாக ஓட்டி, உதடு அசைய. இரண்டு மணிக்கு மணி அடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, புத்தகத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பதிவேட்டில் எழுதினேன். பெயர் துளசிமணி. தொழில், பனியன் கம்பெனியில் செக்கிங்.

நேரம் என்பது நிர்வாகம் முடிவு செய்வது. அதற்கு நான் பொறுப்பில்லை.

பிப்ரவரி 22, புதன்

நல்ல தண்ணீர் பத்து நாளைக்குப் பிறகு இன்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நேராகக் குழாயிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சினார். நாங்கள் பேசுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்று சண்டை போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கொஞ்ச நாளாக வாயுத் தொல்லை. பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டால் நல்லது என்று தோன்றியது. அப்படியே செய்தேன். எனவே ஒரு மணிக்குக் கதவு திறந்தே இருந்தது. ஆசாரியையும் அவசரப்படுத்தவில்லை.

துளசிமணி வந்தாள். கூட ஒரு ஆள். கதிரேசன், போக்குவரத்துக் காவலர், மதுரைப் பக்கம். அவருக்கும் அதே தாள் பாக்கி. பிரதி ஒன்று, ஆள் இரண்டு. கதிரேசன் கைப்பேசியை எடுத்தார். படமெடுக்க அனுமதியில்லை என்றேன்.

"போன வருஷம் வேற சென்டர்ல ரெண்டாம் தொகுதியை முழுசா போட்டோ எடுத்தேன் சார்" என்றார். "இன்னும் போன்லதான் கெடக்கு. ஒரு பக்கம் பாத்ததில்ல."

"எடுத்து வெச்சா படிச்ச மாதிரியே இருக்குமுங்க" என்றாள் துளசிமணி. "அப்புறம் எங்க படிக்கறது? வீட்டுல புஸ்தகத்தைத் தொறந்தாப் போதும், எல்லாருக்கும் ஒரே நேரத்துல பசிக்கும்."

ஒருவர் படிப்பது, மற்றவர் கேட்பது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நூலகத்தில் சத்தமாகப் படிக்கக் கூடாது என்றேன். மெதுவாகப் படிப்போம் என்றார் கதிரேசன். அவருடைய மெதுவு நாற்சந்தியில் லாரியை நிறுத்துகிற மெதுவு.

இன்னொன்று. ஒரு மணி நேரத்தில் அவர்களும் சாப்பிட வேண்டும். கேட்கிறவர் சாப்பிட, படிக்கிறவர் படிக்க, பாதியில் கை மாற்றிக்கொண்டார்கள். கத்தரிக்காய்க் குழம்பின் வாசனை அறை முழுக்க. உணவுப் பொருள்களுக்கு அனுமதியில்லை என்று சொல்ல எழுந்தேன். நான் இத்தனை வருடமும் அதே அறையில்தான் சாப்பிட்டிருக்கிறேன் என்று கதிரேசன் சொன்னாலும் சொல்வார். உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 5, ஞாயிறு

ஆறு பேர். எல்லோரும் பொதுநிதியியல் பாக்கி வைத்திருக்கிறவர்கள். செய்தி எப்படிப் பரவியதோ.

வரியா அபராதமா என்று ஒரு பெரிய வாதம். தலைக்கவசம் போடாதவரிடம் வசூலிப்பது அரசின் வரி வருவாயில் சேரும் என்று ஒருவர் சாதித்தார்.

"அப்பிடின்னா நான் வரி அதிகாரியாக்கும்" என்றார் கதிரேசன். "சம்பளத்தை ஏத்திக் கொடுக்கச் சொல்லுங்கப்பா."

"நீங்க வசூல் பண்றது எல்லாமே அரசாங்கத்துக்குத்தான் போகுதுங்களா, மொதல்ல அதச் சொல்லுங்க" என்றாள் துளசிமணி.

எல்லோரும் சிரித்தார்கள். கதிரேசனும் சிரித்தார். இவர்கள் தேர்விலும் இப்படியே எழுதி வைப்பார்களோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "அபராதம் வரியல்லாத வருவாய். பக்கம் நாற்பத்திரண்டு" என்றேன். அறை சட்டென்று அடங்கியது. ஏதோ அலமாரி பேசிவிட்டதுபோல் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பக்கத்தைப் புரட்டுகிற சத்தம்.

அறிக்கையின் முதல் வரைவு தயார். 'இந்நூலகம் மாணவர்களால் முற்றிலும் பயன்படுத்தப்படவில்லை' என்று தொடங்குகிறது. நல்ல வாக்கியம். ஜனவரி வரைக்கும் உண்மையும்கூட.

மார்ச் 12, ஞாயிறு

இன்று துளசிமணி முன்னதாகவே வந்துவிட்டாள். ஏப்ரலில் நூலகத்தை மூடப்போவதாகக் கீழே பேசிக்கொள்கிறார்களே, உண்மையா என்று கேட்டாள். உண்மை என்றேன்.

"பரீட்சை மே மாசமுங்களே."

"ஆமாம்."

பிறகு சொன்னாள். அவள் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. பதிவுக் காலம் இந்த மே மாதத்தோடு முடிகிறது. மற்ற எல்லாத் தாளும் தேறியாயிற்று. இதில் மூன்று முறை போய்விட்டது, கேள்வியில் பாதி அந்த வராத தொகுதியிலிருந்து வருகிறது. இந்த முறையும் போனால் எழுதித் தேறிய தாள்களும் சேர்ந்து போய்விடும்.

பட்டம் வாங்கி என்ன செய்யப்போகிறாய், கம்பெனியில் சம்பளம் கூடுமா என்று கேட்டேன்.

"கம்பெனியில அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கறோம். பத்திரிகை அடிக்கோணும்." சொல்லவா வேண்டாமா என்று யோசித்தாள். "மாப்பிள்ளை வூட்டுல எல்லார் பேருக்கும் பின்னால ஏதாவது ஒண்ணு இருக்குதுங்க. எம்.இ., பி.காம்., மாப்பிள்ளையோட பாட்டன் பேருக்குக் கூட பழைய பி.யூ.சி.ன்னு போடறாங்க. எங்க பக்கம் நானும் அவரும் மொட்டையா நிப்போம். பொண்ணு ஒண்ணும் சொல்லல. ஆனா மாதிரிப் பத்திரிகை பார்த்தப்ப, எங்க பேர் வர்ற எடத்தை வெரசாத் தாண்டிட்டா. நான் பார்த்தேன்."

கல்யாணப் பத்திரிகைக்காகவா ஆறு வருடம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.ஃபில். என்று இருந்தது. அச்சகத்தில் நானே நின்று சரிபார்த்தேன்.

மார்ச் 13, திங்கள்

மைத்துனன் தொலைபேசியில் அழைத்தான். எடுக்கவில்லை. வாங்கிப்போய்த் திருப்பித் தராத கிரைண்டர் விஷயத்தை அவன் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

மார்ச் 20, திங்கள்

சண்முகவடிவேல் மேலே வந்தான். இந்த மாடிக்கு அவன் வருவது அபூர்வம். கூடவே அளவு நாடாவோடு ஒரு ஆள். ஜன்னலிலிருந்து சுவர் வரை அளந்தார்கள்.

"சிகாமணி, உனக்கு நல்லகாலம் வந்துருச்சு" என்றான். தெய்வசிகாமணி என்று முழுப்பெயர் சொல்லி அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "மெயின் கேம்பஸுக்கு உன்னைத்தான் போடணும்னு நானே சிபாரிசு பண்ணி எழுதிட்டேன். உன் ரிப்போர்ட் போனதும் ஆர்டர் வந்துரும். இந்த ரூமை மீட்டிங் ஹாலா மாத்திக்கலாம்னு இருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை படிக்க வர்றாங்களே" என்றேன்.

"திடீர்னு எப்படி வர்றாங்க? இத்தனை வருஷமா ஒருத்தரும் வரலன்னு நீதான சொல்லிட்டிருந்தே?"

"நேரம் ஒத்துவரல. சுற்றறிக்கையில சொன்ன நேரம் அது."

"நேரத்தை அந்தந்த மையத்து நூலகரே வெச்சுக்கலாம்னுதானய்யா சுற்றறிக்கை. பலகை நீ எழுதினதுதான." சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினான். "நீ எப்பவும் இப்படித்தான் சிகாமணி. அன்னிக்கு இன்டர்வியூக்கு வந்திருந்தீன்னா வேலை உனக்குத்தான் கெடச்சிருக்கும். பேனல்ல உன் பேரை ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. நான் வெளிய வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் பார்த்தேன்."

இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கதை. நான் போகவில்லைதான். ஆளை முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு போய் நிற்பதில் என்ன இருக்கிறது? என் பெயரை அவர்கள் கூப்பிட்டிருக்கலாம். அதுவும் ஒரு நாடகமாக இருந்திருக்கும்.

பஸ் நிறுத்தம் வரை வந்து பார்த்ததாக அவன் இதுவரை சொன்னதில்லை.

மார்ச் 26, ஞாயிறு

ஒன்பது பேர். நாற்காலி போதாமல் கீழேயிருந்து இரண்டு கொண்டுவந்து போட்டேன். செவிலியர் ஒருவர் இரவுப்பணி முடித்துவிட்டு நேராக வந்து, கேட்டுக்கொண்டே மேசையில் தூங்கிப்போனார். எழுப்பப்போன என்னைத் துளசிமணி கையமர்த்தினாள். மணி அடித்ததும் அந்தப் பெண் நிமிர்ந்து, "மானியம் வரைக்கும் காதுல விழுந்துச்சு சார்" என்றாள்.

மூன்றாம் தொகுதியில் பாதி முடிந்திருக்கிறது.

மார்ச் 29, புதன்

அறிக்கையை மாற்றி எழுதினேன்.

காரணம் சண்முகவடிவேல். அவனுக்கு ஒரு கூட்ட அறை கிடைக்க நான் எழுதிக் கொடுக்க வேண்டுமா? அவன் சிபாரிசில் ஒரு மாற்றல் எனக்கு வேண்டியதில்லை. அவன் அளந்து வைத்த சுவரை அவன் கண்ணெதிரே அலமாரியால் நிரப்ப வேண்டும். இது ஒன்றுதான் காரணம்.

அறிக்கையில் எழுதியது: இம்மாணவர்கள் வேலை செய்கிறவர்கள். வகுப்பு நாளின் உணவு இடைவேளை தவிர அவர்களுக்கு நூலகத்துக்கு வர நேரமில்லை. அந்த நேரத்தில் திறந்து வைத்தால் வருகிறார்கள், வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை அதிகப் புத்தகங்கள் அல்ல. விடுபட்ட பாடத்தொகுதிகள், பழைய வினாத்தாள்கள், உட்கார இடம், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். ஒரே பிரதியைப் பலர் பயன்படுத்தும்பொருட்டு உரக்கப் படித்தலையும், உணவு உண்பதையும் அந்த நேரத்தில் மட்டும் அனுமதிக்கலாம். நூலகத்தை மூடக் கூடாது.

முன்பு எந்த நேரத்தில் மூடியிருந்தது என்பதை விரிவாக எழுதவில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை.

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டுச் சுகந்தியிடம் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நாம மாறிப் போகலையா?"

"தெரியாது. அநேகமாக இல்லை."

கீரையை உருவிக்கொண்டே, "யாருங்க அந்தத் துளசிமணி?" என்றாள். அறிக்கையில் அந்தப் பெயர் எங்குமே இல்லை. ஒரு மாதமாக நானே ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேனாம்.

ஏப்ரல் 2, ஞாயிறு

அறிக்கை போய்விட்டது, பதில் வரவில்லை. பதினொரு பேர். துளசிமணி யாரையும் அரட்டையடிக்க விடவில்லை. வேகமாகப் படிக்கச் சொல்லி விரட்டினாள். புத்தகம் பதினைந்தாம் தேதிக்கு மேல் இருக்காது என்ற பயம். அவளிடம் உறுதியாகச் சொல்ல என்னிடமும் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

பதில் இல்லை. மாலையில் எல்லோரும் போன பிறகு மூன்றாம் தொகுதியை என் பையில் எடுத்து வைத்தேன். பிறகு திரும்ப அலமாரியில் வைத்தேன். பிறகு மறுபடியும் பையில். கடைசியில் அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தேன். இவ்வளவு வருடத்தில் ஒரு புத்தகத்தைக்கூட நான் பதிவேட்டில் எழுதாமல் எடுத்ததில்லை.

ஏப்ரல் 13, வியாழன்

உத்தரவு வந்தது. இந்த மையத்து நூலகம் மேலும் ஓராண்டுக்குத் தொடரும். ஞாயிறு பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை கட்டாயம் திறந்திருக்க வேண்டும். தலைமை வளாகத்து இடத்துக்கு வேறொரு மையத்து நூலகரைப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு முனைவர் பட்டம் கிடையாது.

சண்முகவடிவேல் உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். "நல்லா எழுதியிருக்கேய்யா ரிப்போர்ட்டு" என்றான். "துணைவேந்தர் ஆபீஸ்ல கேட்டாங்க யார் எழுதினதுன்னு. என் வகுப்புத் தோழன்னு சொன்னேன்." காபி குடிக்கிறாயா என்று கேட்டேன். குடித்தான்.

துளசிமணிக்குத் தொலைபேசியில் சொன்னேன். எண் பதிவேட்டில் இருந்தது. "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் தையல் இயந்திரங்களின் இரைச்சல். கேட்டதோ இல்லையோ என்று இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கதிரேசன் அழைத்தார். "அக்கா போன் பண்ணி அழுவுது சார், என்ன சொன்னீங்க?"

மே 7, ஞாயிறு

மூன்றாம் தொகுதி முடிந்தது. இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்கினார்கள்.

மே 27, சனி

தேர்வு. நான் மேற்பார்வைக்கு இல்லை. ஆனால் நூலகத்தில் அலமாரி துடைக்க வேண்டியிருந்ததால் போனேன். மூன்று மணி நேரமும் ஜன்னல் பக்கத்து அலமாரியையே துடைத்தேன். அங்கிருந்து தேர்வறை வாசல் தெரியும்.

துளசிமணி கடைசியாக வெளியே வந்தாள். கை முழுக்க மை. மேலே பார்த்தாள். தலையை இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஜூலை 18, செவ்வாய்

முடிவு வரவில்லை. துளசிமணி இருமுறை அழைத்துவிட்டாள். பத்திரிகையை இன்னும் அடிக்கக் கொடுக்கவில்லையாம். வீட்டில் எல்லோரும் அவளைத்தான் பேசுகிறார்களாம். நாத்தனார் கேட்டாளாம், "காலேஜ் வாசலை மிதிக்காத பி.ஏ.வுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா" என்று. "மாடிப்படியை மிதிச்சிருக்கறன்ல" என்று இவள் சொன்னாளாம்.

மைத்துனனை நானே அழைத்துப் பேசினேன். கிரைண்டரைப் பற்றிப் பேசவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

காலையில் சுகந்தி அரிசியையும் ராகியையும் கொடுத்து மாவு அரைத்துவரச் சொன்னாள். மில்லில் நல்ல கூட்டம். என் முறை வந்து அரிசியைக் கொட்டியபோது கைப்பேசி அடித்தது. துளசிமணி. அவளும் ஏதோ இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் இருந்தாள்.

"சார், ரிசல்ட் வந்துருச்சுன்னு சொல்றாங்க. எம்போன்ல சுத்திக்கிட்டே இருக்குது, தொறக்கல. நான் அச்சாபீஸ்ல நிக்கறனுங்க. இதுக்கு மேல பொறுக்க முடியாதுன்னு இன்னிக்கு அடிக்கக் கொடுத்துட்டாங்க. பதிவெண் சொல்றேன், பார்க்கறீங்களா?"

எழுதிக்கொள்ளக் காகிதம் இல்லை. ராகி டப்பாவின் மூடியில் ஒட்டியிருந்த மாவில் விரலால் எழுதிக்கொண்டேன். என் கைப்பேசியிலும் இரண்டு முறை சுற்றியது. மூன்றாம் முறை திறந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தேன், இறக்கிவிட்டுப் பார்த்தேன். பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தேன். பொதுநிதியியல், ஐம்பத்தெட்டு.

சொன்னேன். கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன். இந்தப் பக்கம் மாவு இயந்திரம், அந்தப் பக்கம் அச்சு இயந்திரம்.

"என்னங்க சார்?"

"பாஸ்" என்று கத்தினேன். "அம்பத்தெட்டு. நீ பாஸ் துளசிமணி, பேருக்குப் பின்னால போடச் சொல்லு."

அந்தப் பக்கம் அவள் யாரையோ நோக்கி, "அண்ணா, மெஷினை நிறுத்துங்க, நிறுத்துங்க" என்பது கேட்டது. சத்தம் நின்றது. இங்கேயும் மில்காரர் எதற்கென்று தெரியாமலே இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மில்லில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மூச்சு வாங்குவது மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, மெதுவாக, "போடச் சொல்றனுங்க" என்றாள்.

மில்காரர் முகத்திலிருந்த மாவைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார், "உங்க பொண்ணுங்களா?"

"இல்லைங்க. எங்க லைப்ரரில படிக்கறவங்க" என்றேன்.

அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் அவர்களிடம் நூலகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்றும் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு சுகந்தி கேட்டாள், மாவு எங்கே என்று.